காதுப் புண்ணும் கட்டுச் சீலையும்

எம் பாட்டியாரின் காது மடல்கள் இரண்டிலும், அடிப்பக்கத்தில், மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடிற்று. நெல்லின் நீளத்தைவிடச் சற்றே நீண்ட கோடு. சிறு பருவத்தில் நாம் அவர் மடியிற் படுத்து அதனை விரலால் தடவிப் பார்த்ததுண்டு. அஃது என்னவென்று வினவினால், “காது தச்ச தழும்புப்பா” என்பார். அதற்குமேல் பேச மாட்டார். கிராஞ்சிப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். முகவைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தபோது தோளைத் தொடும் நீள்காதுகளோடு வந்தார். நாம் அறிந்த பாட்டியாருக்கோ எல்லாரையும் போன்ற சிறு காதுகளே இருந்தன. இடையில் நிகழ்ந்தது ஒரு சிறு அறுவை.

முதுமையில் ஒருநாள் தாமாகவே அதைப்பற்றிச் சொன்னார். “அறுத்தது அரை நாழிதான். கட்டோட கெடந்ததுதான் பதினஞ்சு நாளு” என்றார். கத்தியைப் பற்றியும் தையலைப் பற்றியும் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவில் நின்றது கட்டு. எந்தப் பக்கமும் ஒருக்களித்துப் படுக்க முடியாமை, தலைக்கு எண்ணெய் தொடக்கூடாமை, ஒட்டிக்கொண்ட துணியை வெந்நீரால் நனைத்து நனைத்து எடுத்த ஒரு தாதிப் பெண்ணின் விரல்கள், இவையே அவர் கூறிய வரலாறு.

அறுவை வைத்தியத்தின் சரித்திரத்தை எழுதினோர் பலர். அவர்கள் நூல்களிற் கத்தி மின்னும்; ஊசி மின்னும்; அறுத்தவர் பெயர் பொன்னெழுத்தில் நிற்கும். அறுத்தபின் புண்ணுக்கு நேர்ந்தது என்ன, அதன்மேல் எதை வைத்தார்கள், எதனாற் கட்டினார்கள், எத்தனையாம் நாள் அவிழ்த்தார்கள் என்பவற்றைத் தேடுவோர்க்குக் கிடைப்பது ஓரிரு வரியே. ஆயினும் பிழைப்பதும் பிழையாததும் பெரும்பாலும் அந்த நாட்களிலேதான் தீர்மானமாகின்றன. காது போன்ற சிறு உறுப்பில் இது மிகவும் உண்மை. எனவே பாட்டியாரின் பதினைந்து நாட்களை முன்னிட்டு, காதுப் புண்ணைக் கட்டிய கலையின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் நீள்காது எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் காண வேண்டும். தென்பாண்டி நாட்டில் காது வடித்தல் என்னும் வழக்கம் சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில் மிகப் பரவியிருந்தது. ஒரு வகுப்பாருக்கே உரியது என்று அதனைச் சொல்ல இயலாது. எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், சென்னை அரசாங்கக் காட்சிசாலையின் தலைவராயிருந்தவர், 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்பு நூலில் இவ்வழக்கத்தை வியப்போடு எழுதி வைத்தார். அவர் வியந்தது காதின் நீளத்தை. நாம் வியப்பது அதனை நீளச் செய்த முறையை.

பெண் குழந்தையின் காது மடலில் கூரிய கத்தியால் துளையிடுவர். துளையில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியைச் செருகுவர். சில நாட்கள் கழித்துச் சற்றுத் தடித்த திரி. பின் அதனினும் தடித்தது. அதன்பின் சுருட்டிய பனையோலை. சுருள் தானாக விரிய முயலும்போது துளையும் விரியும். புண் ஆறிய பின்பு ஈயக் குணுக்குகளை மாட்டுவர். அவற்றின் பாரத்தால் மடல் நூல்போல் இறங்கும். இறுதியில் தண்டட்டி, பாம்படம் முதலிய பொன்னணிகள் ஏறும். இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. திரியும் ஓலையும் அணிகலன்கள் அல்ல. அவை புண்ணுக்கு இடும் கட்டுகள். புண் ஆறவும் வேண்டும், ஆறுகையில் மூடிக்கொள்ளவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே நடத்தும் நுட்பம் எழுத்தறியாத கைகளில் இருந்தது. இத்தொழிலில் தேர்ந்த குறவர் ஊரூராகச் சென்று காது வடித்துக் கூலி நெல் பெற்றனர்.

வழக்கத்தின் பழமைக்குச் சிலப்பதிகாரமே சான்று. கோவலன் மாதவிபாற் சென்றபின் கண்ணகி அணிகளைத் துறந்திருந்த நிலையை இளங்கோவடிகள் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிற் கூறுகையில், குழை நீங்கியதனால் வடிந்து தொங்கிய அவள் காதுகளைக் காட்டுகிறார். குழையுள்ளபோது அழகென்று கருதப்பட்டதே குழை போனபின் துயரத்தின் அடையாளமாயிற்று. வெறுங்காது தொங்குவதைக் கண்டோர்க்கன்றி அவ்வரியின் கூர்மை புலனாகாது. அதனைக் கண்ட தலைமுறையினர் நம்மிடையே அருகி வருகின்றனர்.

இனி நூல்வழி வைத்தியத்திற்கு வருவோம். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூலின் சூத்திரத்தானத்தில் 16ஆம் அத்தியாயம் பெரும்பாலும் காதுக்கே உரியது. அந்நூலின் காலம் பற்றி அறிஞர்கள் ஒருமித்தாரில்லை. இன்றுள்ள வடிவம் பல கைகள் பட்டது என்பது மட்டும் தெளிவு. அதனைக் கவிராசர் குஞ்சலால் பிஷக்ரத்தினர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கல்கத்தாவில் 1907ஆம் ஆண்டு முதலாக வெளியிட்டார். அதன் பின்னரே நம்மவருட் பலர் இத்தகைய செய்தி அதில் உண்டென்று அறிந்தனர்.

குழந்தைக்கு ஆறாம் திங்களிலோ ஏழாம் திங்களிலோ காது குத்த வேண்டும் என்பது அதன் விதி. தாதியின் மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள்களைக் காட்டி மகிழ்வித்து, வைத்தியன் இடக்கையால் மடலை இழுத்துக் கதிரவன் ஒளிக்கு நேரே பிடிக்கிறான். ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடமே துளைக்கு ஏற்ற இடம். மெல்லிய மடலுக்கு ஊசி, தடித்ததற்குக் குத்தூசி. ஆணுக்கு வலக்காது முதலில், பெண்ணுக்கு இடக்காது முதலில். குருதி மிகுந்தாலும் நோவு மிகுந்தாலும் இடம் தவறியது என்று அறிக என்கிறது நூல். அதன்பின் பஞ்சுத் திரியைச் செருகி, காய்ச்சாத எண்ணெயை வார்க்க வேண்டும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை திரியை மாற்றிச் சிறிது சிறிதாகத் தடிப்பை ஏற்ற வேண்டும். தென்பாண்டிக் குறவர் செய்த அதே முறை! நூலிலிருந்து குடிசைக்கு வந்ததா, குடிசையிலிருந்து நூலுக்குப் போயிற்றா என்பதை யார் அறுதியிட்டுக் கூற வல்லார்? கையாற் செய்வோர் முன்னரும், எழுதி வைப்போர் பின்னரும் வருதலே உலகியல்பு என்பது நம் கருத்து.

துளையிட்ட காது வீங்கி நோவெடுத்தால் என்செய்வது? திரியை உடனே எடுத்துவிட வேண்டும். அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, யவம், எள் ஆகியவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் கூட்டித் தடிப்பாகப் பூச வேண்டும். நன்கு ஆறிய பின்பே மறுபடி குத்த வேண்டும். ‘எடுத்துவிடு, ஆறவிடு, பிறகு பார்’ என்ற இந்தப் பொறுமை நம் வீதிகளில் இன்றும் கிடைத்தற்கரியது. சீழ் வடியும் காதிலேயே தோட்டைத் திருகித் திருகி எண்ணெய் விடும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம்.

அந்த அத்தியாயத்தின் பிற்பகுதி இன்னும் அரியது. பாரத்தாலோ அடியாலோ அறுந்துபோன காது மடலைத் திரும்ப ஒட்டும் வகைகள் பதினைந்தை அது எண்ணுகிறது. மடலின் எஞ்சிய பகுதிக்கேற்ப ஒவ்வொன்றும் வேறுபடும். மடலே இல்லாதவர்க்குக் கன்னத்துத் தசையிலிருந்து, உயிர்த்தொடர்பு அறாதபடி ஒரு துண்டைக் கீறித் திருப்பி மடல் அமைக்கவும் சொல்கிறது. உலக வைத்திய வரலாற்றினர் இந்நூலைப் போற்றுவது இதன் பொருட்டே. நாம் இங்கே நோக்க வேண்டுவது ஒட்டியபின் செய்வதை. தேனும் நெய்யும் தடவுக, பஞ்சாலும் துணியாலும் மூடுக, நூலாற் கட்டுக, கட்டு மிக இறுகவும் வேண்டா, மிக நெகிழவும் வேண்டா, மேலே சுட்ட ஓட்டின் பொடியைத் தூவுக. மூன்று நாள் வரையில் எண்ணெய் வார்த்து, மூன்றாம் நாள் பஞ்சை மாற்றுக. நோயாளி காதை இடித்துக்கொள்ளலாகாது. பகலுறக்கம், கடும் உழைப்பு, மிகையுணவு, நெருப்பருகே இருத்தல், மிகுதியாகப் பேசுதல் ஆகாது. கட்டுகளின் வகையைக் கூறும் 18ஆம் அத்தியாயம் பதினான்கு வகைக் கட்டுகளைச் சொல்லி, இறுக்கம், நடுத்தரம், நெகிழ்ச்சி என மூன்று நிலையும் வகுத்து, காதுக்கு நடுத்தரக் கட்டே உரியது என்று விதிக்கிறது.

இதைப் படித்தவுடன், “எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே!” என்று கைதட்டும் அன்பர்களும் உளர். நாம் அவ்வளவு விரைவிற் கைதட்ட மாட்டோம். நூலிற் கூறியவற்றுட் சில இன்றைய ஆராய்ச்சியில் நின்றன; சில வீழ்ந்தன. தேன் நின்றது. கிருமிகள் பெருகவொட்டாமல் தடுக்கும் அதன் ஆற்றல் மெய்ப்பிக்கப்பட்டு, தூய்மை செய்யப்பட்ட தேன் இன்று ஆஸ்பத்திரிகளிலும் சில புண்களுக்கு இடப்படுகிறது. புண்ணை வறளவிடாமல் ஈரத்தோடு காத்தால் புதுத்தோல் விரைந்து படரும் என்பதை ஜார்ஜ் விண்டர் என்பார் 1962ஆம் ஆண்டில் பன்றிகளின் தோலில் சோதித்து நிறுவினார். நெய்யும் எண்ணெயும் இட்ட பழைய கட்டுகள் இவ்வகையில் ஓரளவு சரியான வழியே சென்றன. ஓட்டுப் பொடியோ அத்தகையதன்று. அன்று சுட்டு அன்று பொடித்தால் கேடு குறைவு; தரையிற் கிடந்ததை அள்ளித் தூவினால் மண்ணில் வாழும் இசிவு நோய்க் கிருமி புண்ணுள் நுழையும். காய்ச்சாத எண்ணெயும் அவ்வாறே. கிருமி என்பதொன்று உண்டென்பதே தெரியாத காலத்தில், கண்ணால் கண்டதைக் கொண்டு இவ்வளவு தூரம் சென்றார்கள் என்பதே அவர்கட்கு நாம் செய்யும் நேர்மையான பாராட்டு.

தமிழ் நூல்களிற் புண்கட்டும் செய்தி இல்லையா? உண்டு. பதிற்றுப்பத்தில் பரணர், சேரன் செங்குட்டுவனைப் பாடுமிடத்து, மார்பின் நெடும்புண்ணைத் தைக்கும் வெள்ளூசி குருதியில் மூழ்கி எழுவதை, குளத்தில் மீனுக்காக மூழ்கி எழும் சிச்சிலிப் பறவைக்கு ஒப்பிடுகிறார். கண்ணால் பாராதவர் அவ்வுவமையைச் சொல்ல முடியாது. புறநானூற்றின் 353ஆம் பாட்டில் காரிக்கண்ணனார், ஒரு பெண்ணின் தமையன்மார் புண்ணிலிட்ட பஞ்சு இன்னும் களையப்படாதவர்கள் என்று அச்சுறுத்துகிறார். 281ஆம் பாட்டில் அரிசில்கிழார், புண்பட்ட வீரனைக் காக்க மனையில் வேப்பிலையும் இரவமும் செருகி, ஐயவி சிதறி, நறும்புகை எழுப்பி, யாழ் இசைக்கும் பெண்களைக் காட்டுகிறார். ஊசி, பஞ்சு, வேம்பு, புகை! யாவும் உள. பின்வந்த சித்தர் மரபு புறமருந்துகளை முப்பத்திரண்டாக வகுத்தது. கட்டு, பற்று, பூச்சு, களிம்பு, சீலை, வர்த்தி, பொடி என்பன அவ்வரிசையில் தனித்தனிப் பெயர் பெற்று நிற்கின்றன. வர்த்தி என்பது திரியே. காதிற் செருகிய பஞ்சும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஆனால் நம் புலவர் பாடிய புண்ணெல்லாம் மார்பிற் பட்ட புண். வேலாலும் வாளாலும் வந்த புண். ஊர்தோறும் வீடுதோறும் பெண்மகவுக்குக் காதில் உண்டாக்கிய புண்ணை எந்தப் புலவர் பாடினார்? காது பழுத்துச் சுரத்தில் வெந்த குழந்தைக்காக எந்த யாழ் இசைத்தது? குழந்தையின் வாயில் வெல்லத்தை வைத்து அழுகையை அடக்கி, மாமன் மடியில் நடந்த அந்தச் சடங்கில் விருந்துக்கும் சீருக்கும் கணக்கு எழுதினர். புண் எத்தனை நாளில் ஆறியது என்று எழுதினாரில்லை.

இத்துணை அறிவும் எங்கே தேங்கிற்று? நம் எண்ணம் இது. நூல் ஒருவர் கையில் இருந்தது. புண் மற்றொருவர் கையில் இருந்தது. குருதியையும் சீழையும் தொடுதல் இழிவு என்ற எண்ணம் ஓங்கிய பின்னர், ஏடு படித்தோர் நாடி பார்த்து மருந்து சொல்வதோடு நின்றனர். அறுத்தலும் கட்டுதலும் முடிதிருத்துவோருக்கும், மருத்துவச்சியருக்கும், தட்டாருக்கும், குறவருக்கும் ஒதுக்கப்பட்டன. அவர்கள் கற்றதைக் கண்ணால் கற்றார்கள். பிள்ளைகளுக்குக் கையால் கற்பித்தார்கள். ஏடு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. ஏடுடையோர் புண்ணை மறந்தனர். ஒருவர் கண்ட பிழை மற்றவர் காதுக்கு எட்டாமற் போயிற்று.

இதற்கு ஒரு சரித்திரச் சான்று கூறுவோம். திப்பு சுல்தானோடு நிகழ்ந்த 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர் சிறைப்பட்டு மூக்கறுபட்டார். பின்னர்ப் பூனாவுக்கு அருகில் ஒருவர் அவர் நெற்றித் தோலைக் கீறித் திருப்பிப் புதுமூக்கு அமைத்தார். அச்செய்தி படத்தோடு 1794ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இலண்டன் நகரத்துச் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. அதைப் படித்த கார்ப்யூ என்னும் ஆங்கில வைத்தியர் ஆராய்ந்து, அம்முறையால் தாம் செய்த அறுவைகளை 1816ஆம் ஆண்டில் வெளியிட்டார். பூனாவில் அறுவை செய்தவர் யார்? செங்கல் அறுக்கும் வகுப்பினர் என்று அச்செய்தி கூறுகிறது. அவர் பெயர் அதில் இல்லை.

மூக்கின் கதை காதுக் கட்டுரையில் ஏன் என்று வாசகர் வினவலாம். அந்தக் கட்டின் செய்தி அதில் உள்ளது என்பதே காரணம். தையல் இல்லை. காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணிக்கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றின்மேல் ஒன்றாக இணைப்பின்மீது ஒட்டினார். நான்கு நாள் வேறெதுவும் தொடவில்லை. அதன்பின் அதை எடுத்துவிட்டு, நெய்யில் தோய்த்த துணியை இட்டார். துவர்ப்புப் பொருள் குருதியைக் கட்டுப்படுத்தித் தோலை இறுக்கும். காய்ந்தால் அசையாமற் பிடிக்கும். நெய் பின்பு இளக்கும். எவ்வளவு எளிய அறிவு! ஆங்கிலச் செய்தியில் அக்காசுக்கட்டிக்கு இட்ட பெயர் ‘டெர்ரா ஜப்பானிக்கா’ என்பது. பூனாவில் அது கருங்காலி இனத்து மரத்திலிருந்து எடுத்ததாதல் வேண்டும். ஆனால் வாணிக உலகில் அதே பெயர் கம்பிர்ச் செடியின் சாற்றுக் கட்டிக்கும் வழங்கிற்று. கம்பிர் எங்கே விளைந்தது? சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் சிங்கப்பூரின் வடபுறம் முழுதும், கிராஞ்சி ஆற்றங்கரை உட்பட, சீனர் காடழித்துக் கம்பிரும் மிளகும் பயிரிட்டனர். இலையை வேகவைத்த பெருங்கொப்பரைகளுக்கு விறகாகக் காடுகள் எரிந்தன. தோல் பதனிடுவதற்கு ஐரோப்பாவுக்கும், வெற்றிலையோடு மெல்லுவதற்கு நம் பெண்டிரின் சுருக்குப் பைக்கும் அது சென்றது.

கம்பிர் ஓய்ந்து ரப்பர் வந்தது. 1903ஆம் ஆண்டில் டாங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரையில் இரயில் பாதை திறக்கப்பட்டது. ‘சிங்கப்பூர் கிராஞ்சி இரயில்வே’ என்றே அதற்குப் பெயர். பாதையிலும் தோட்டத்திலும் தமிழர் வந்து சேர்ந்தனர். அவர்களோடு வடித்த காதுகளும் வந்தன. தோட்டத்திலே அவர்கள் சந்தித்த வைத்தியர் ஒரு புதுமனிதர். அவருக்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘டிரசர் ஐயா’.

அந்தச் சொல்லின் பொருள் பலருக்குத் தெரியாது. டிரசர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுபவர். இலண்டன் ஆஸ்பத்திரிகளில் அறுவை வைத்தியரின் பின்னே கட்டுச்சாமான் பெட்டியைத் தூக்கிச் சென்று, அறுத்தபின் கட்டும் மாணாக்கருக்கு அப்பெயர். கீட்ஸ் என்னும் பெருங்கவிஞர் 1816ஆம் ஆண்டில் கைஸ் ஆஸ்பத்திரியில் டிரசராகத்தான் உழைத்தார். கடல் கடந்து மலாயாத் தோட்டத்திற்கு வந்தபோது அச்சொல் வளர்ந்து, கொயினா கொடுப்பவர், ஊசி போடுபவர், பிரசவம் பார்ப்பவர், பொய்க்காய்ச்சல் கண்டுபிடிப்பவர் என யாவுமாயிற்று. ஆயினும் பால்வெட்டும் உளி கிழித்த விரலுக்கும், முள் குத்திய காலுக்கும் கட்டுவதே அவருடைய அன்றாட வேலை. நம் நாட்டில் இழிந்ததென ஒதுக்கிய தொழிலின் பெயரை இங்கே ‘ஐயா’ சேர்த்து வணங்கி அழைத்தோம். காலத்தின் விளையாட்டு இதுவன்றோ!

டிரசரின் பெட்டியில் இருந்தவை புதியன. ஜோசப் லிஸ்டர் என்னும் அறிஞர் 1867ஆம் ஆண்டில், கார்பாலிக் திராவகத்தால் புண்ணையும் கையையும் கருவியையும் தூய்மை செய்தால் சீழ் பிடிப்பது குறையும் என்று காட்டினார். 1880ஆம் ஆண்டில் கேம்ஜி என்பவர் எண்ணெய்ப் பசை நீக்கிய பஞ்சை வலைத்துணிகளுக்கிடையே வைத்துக் கட்டும் முறையை வெளியிட்டார். பருத்தியில் இயல்பாக உள்ள பசையை நீக்கினாலன்றி அது நீரை உறிஞ்சாது. நம் பாட்டிமார் காதில் வைத்த பஞ்சுக்கும் ஆஸ்பத்திரிப் பஞ்சுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஒன்று சீழைத் தேக்கும், மற்றொன்று உறிஞ்சும். 1890ஆம் ஆண்டில் பேரிங், கித்தசாத்தோ என்னும் இருவர் இசிவு நோய்க்கு மாற்று மருந்தைக் கண்டனர். காது குத்திய பின் வாய் பூட்டிக்கொண்ட குழந்தைக்குப் பேய் பிடித்ததென்று உடுக்கடித்த கொடுமைக்கு விடை அதில் இருந்தது.

இனிப் பாட்டியாரின் கதைக்குத் திரும்புவோம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜப்பானியப் படை ஜொகூர் நீரிணையைக் கடந்து கிராஞ்சி ஆற்று முகத்திலும் கரையேறியது. சிங்கப்பூர் வீழ்ந்தபின் கிராஞ்சியிற் கைதிமுகாம் அமைந்தது. 1944ஆம் ஆண்டில் சாங்கிப் பகுதியிலிருந்த போர்க்கைதிகளின் ஆஸ்பத்திரியும் கிராஞ்சிக்கு மாற்றப்பட்டது. அக்காலத்தில் கட்டுத்துணி பொன்னைப்போல் அரியது. ஒருவர் புண்ணிலிருந்து எடுத்ததை வேகவைத்துத் துவைத்துக் காயவைத்து மற்றொருவருக்குக் கட்டினர். வெளியிலே தோட்டங்களில் அத்துணியும் இல்லை. கிழிந்த வேட்டியும் சேலையுமே கட்டு. இன்று கிராஞ்சிப் போர் நினைவிடத்தின் சுவர்களில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள. தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 வீரர்களுக்குத் தனி நினைவுச் சின்னமும் உண்டு. அவர்களிற் பெரும்பாலோர் இந்தியப் படையினர்.

அந்த மூன்றரை ஆண்டுகளிற் பாட்டியாரின் பாம்படங்கள் அரிசியாயின. முதலில் ஒன்று, பின்பு மற்றொன்று. போர் முடிந்தபோது காது இருந்தது, பொன் இல்லை. கண்ணகியின் காதுபோல் அவை தோளிற் கிடந்து ஆடின. மரம் வெட்டக் குனிகையில் கிளையில் மாட்டின. பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் நகைத்தனர். நகரத்துச் சீர்திருத்த மேடைகளிலும் நீள்காதைப் பட்டிக்காட்டுக் கோலம் என்று பேசினர். பேசியவர்களின் நோக்கம் நல்லதே. ஆனால், கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் அந்தக் காதுகளைத் தாமே விரும்பி வளர்த்தவர்கள் அல்லரே! “வளத்தப்பவும் என்னெக் கேக்கலே, அறுக்கச் சொன்னப்பவும் என்னெக் கேக்கலே” என்று பாட்டியார் சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்புக்கு நாம் இன்னும் விடை காணவில்லை.

அறுவை எளியது. தொங்கும் தசையை அளவாக நறுக்கி, எஞ்சிய விளிம்புகளைப் புதுப்புண்ணாக்கி, ஒன்றோடொன்று பொருத்தி மெல்லிய நூலால் தைப்பார்கள். ஆறிய தோலும் ஆறிய தோலும் ஒட்டா. இரண்டும் புண்ணானால்தான் ஒட்டும். கட்டு அவ்வளவு எளிதன்று. தையல்மேல் களிம்பிட்ட வலைத்துணி. காதின் பின்புறம், தலையோடு மடல் நசுங்காதபடி ஒரு பஞ்சணை. மேலே மற்றொரு பஞ்சு. அதன்பின் நெற்றியைச் சுற்றிக் கட்டு. பின்புறப் பஞ்சை மறந்தால் காது மடங்கி வேகும். இறுக்கினால் குருதியோட்டம் நின்று மடல் கருகும். மடலின் அடிப்பகுதியில் குருத்தெலும்பு இல்லை, குருதியோட்டம் மிகுதி. ஆதலின் தையலை ஒரு வாரம் அல்லது பத்து நாளில் எடுத்துவிடலாம். பாட்டியாருக்கு ஒரு காதில் நீர் கட்டியதால் நாட்கள் நீண்டன. அவரைக் காத்தவர் அறுத்த வைத்தியர் அல்லர் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒட்டிய துணியை இழுத்துப் பிய்க்காமல், நனைத்து, பொறுத்து, எடுத்த அத்தாதியைத்தான் சாகும்வரை வாழ்த்தினார். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு ஒரு குறை.

காதின் மேற்பகுதியில் இக்கதை முற்றிலும் மாறும். அங்கே குருத்தெலும்புக்குத் தனிக் குருதியோட்டம் இல்லை. மேலே போர்த்திய மெல்லிய சவ்விலிருந்தே அது உயிர் பெறுகிறது. அடியால் இடையில் குருதி தேங்கினால் எலும்பு பட்டினி கிடந்து சுருங்கும். மல்லர்களின் காது பூக்கோசு போல் ஆவது இதனால்தான். அங்கே குருதியை வடித்த பின், முன்னும் பின்னும் பஞ்சுருளைகளை வைத்து, நூலை ஊடே செலுத்தி இரு புறமும் அழுத்திக் கட்டுகிறார்கள். இருக்கும் இடம் ஒரு விரலளவு மாறினால் கட்டும் மாற வேண்டும்.

இந்நாளில் சிராங்கூன் சாலையிலும் பிற கடைவீதிகளிலும் அம்மேற்பகுதியிலேயே இளைஞர் பலர் துளையிட்டுக்கொள்கின்றனர். பொத்தானை அழுத்தினால் தோடு பாயும் துப்பாக்கிக் கருவிகளைக் கொதிநீராவியில் முழுதும் தூய்மை செய்ய இயலாதென்று வைத்தியர் எச்சரிக்கின்றனர். அவை குருத்தெலும்பை நசுக்கவும் செய்யும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கடையிற் காதுக் குருத்தெலும்பைத் துளைத்துக்கொண்டவருள் ஏழு பேருக்குக் கடுந்தொற்று உறுதியாயிற்று. சிலர்க்கு காதின் வடிவே கெட்டது. ஆராய்ந்தபோது கிருமி இருந்தது எங்கே? தூய்மை செய்யத் தெளிக்கும் மருந்துப் புட்டியிலே. எண்ணெய்க் கிண்ணத்தைக் குறை கூறிய நாம் புட்டியையும் நம்பிவிடலாகாது போலும்.

துளையிட்ட காதை இன்று பேணும் முறையும் மாறியிருக்கிறது. தோட்டைத் திருக வேண்டா, எண்ணெயும் மஞ்சளும் வேண்டா, காய்ச்சி ஆறிய உப்புநீரால் நாள்தோறும் கழுவி ஈரத்தை ஒற்றியெடுத்தால் போதும், கைகழுவாமல் தொடவே வேண்டா என்பர். பாட்டியாரிடம் இதனைக் கூறியபோது அவர் முழுதும் உடன்பட்டாரில்லை. வேப்பங்குச்சி செருகாத காது என்ன காது என்பது அவர் கட்சி. வீட்டில் ஒரு குழந்தைக்குக் காது குத்தினால் அன்று ஒன்றும் சொல்லமாட்டார். பாயசம் குடித்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் காலையில் வந்து, கையைச் சோப்பிட்டுக் கழுவி, குழந்தையைக் கதவோரம் வெளிச்சத்திற்குத் தூக்கிப் பிடித்து, மடலின் பின்புறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.